மாடு காணாமல் போனால் யார் காசு கொடுப்பது? கொங்குப் பாளையங்களும் ஊர்க்காவலும்

கோயம்புத்தூரில் எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் ஏதாவது ஒரு பாளையத்தில் இறங்கலாம். மேட்டுப்பாளையம், பெரியநாயக்கன்பாளையம், கவுண்டம்பாளையம், உப்பிலிபாளையம், சௌரிபாளையம்... லிஸ்ட் போய்க்கொண்டே இருக்கும். பாளையம் என்றால் படை தங்கிய இடம். எல்லாப் பாளையத்திலும் ஒரு பாளையக்காரர் இருந்தார் என்று அர்த்தம் இல்லை. நிறைய ஊர்ப் பெயர்களில் அது வெறும் 'குடியிருப்பு' என்ற பொருளில் ஒட்டிக்கொண்டதுதான். ஆனால் இந்தச் சொல் நம்மூரில் இவ்வளவு பரவியிருப்பதற்குப் பின்னால் ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. ராஜா தூரத்தில் இருப்பார், காவல் பக்கத்தில் இருக்கும். அதுதான் ஏற்பாடு.

பாளையக்காரர் என்றதும் நமக்குக் கட்டபொம்மனும் தீரன் சின்னமலையும்தான் நினைவுக்கு வருவார்கள். சண்டை, கோட்டை, தூக்குமேடை. அதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். எனக்கு ரொம்ப நாளாக இருந்த கேள்வி வேறு. கலகத்தை அடக்கியாச்சு, பாளையக்காரரைத் தூக்கில் போட்டாச்சு, கோட்டையை இடித்தாச்சு. சரி, மறுநாள் காலையில் அந்த ஊரில் ஒரு விவசாயியின் மாடு திருடு போனால் அவர் யாரிடம் போய்ச் சொன்னார்?

இந்தச் சின்னக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் கம்பெனி ஆட்சியின் உள்கட்டமைப்பு முழுக்கத் தெரிகிறது. அந்தக் கதை 2023 வரைக்கும் வருகிறது.

பழைய ஒப்பந்தம்

முதலில் காவல் முறை எப்படி இயங்கியது என்று பார்த்துவிடலாம். திருநெல்வேலி, மதுரைப் பக்கத்துப் பதிவுகளில் இது விரிவாக இருக்கிறது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் இருந்த ஊத்துக்குளி, சமத்தூர், புரவிபாளையம், மெட்ராத்தி, தளி போன்ற பாளையங்களும் அதே நாயக்கர் கால அச்சில் வார்த்தவைதான்.

காவலில் இரண்டு அடுக்கு. ஓர் ஊருக்குள் இருக்கும் காவல் ஸ்தலகாவல். பல ஊர்களையும் வழிகளையும் சேர்த்துப் பார்ப்பது தேசகாவல். ஊர்க்காரர்கள் அறுவடையில் ஒரு பங்கோ, பணமோ காவல் கூலியாகக் கொடுப்பார்கள். பதிலுக்குக் காவல்காரர் திருட்டைத் தடுக்க வேண்டும். திருட்டு நடந்துவிட்டால் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் போன பொருளின் மதிப்பைக் காவல்காரரே கொடுக்க வேண்டும்.

கடைசி வரியை இன்னொரு முறை படியுங்க. ஐ.டி.யில் இருப்பவர்களுக்கு இது உடனே பிடிபடும். சர்வர் விழுந்தால் கம்பெனி அபராதம் கட்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவோம் இல்லையா, எஸ்.எல்.ஏ. என்போமே, அதேதான். முன்னூறு வருஷத்துக்கு முன்னால் மாட்டுக்கும் நெல்லுக்கும் அது இருந்திருக்கிறது.

இதைப் பொற்காலம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காவல் கூலி கொடுக்காத ஊரில்தான் அதிகம் திருடு போகும். யார் திருடியது என்று ஊருக்கே தெரியும். துப்புக்கூலி என்று ஒன்று உண்டு. காணாமல் போன மாடு எங்கே இருக்கிறது என்று துப்புச் சொல்ல வாங்கும் காசு. காசு கைமாறினால் மாடு எங்காவது மரத்தடியில் கட்டிக் கிடக்கும். வேலியே பயிரை மேய்வது என்ற பழமொழிக்கு விளக்கவுரையே தேவையில்லை. அதோடு, நட்ட ஈடு மாடு வைத்திருப்பவருக்குத்தான். மாடே இல்லாதவருக்கு, நிலமே இல்லாதவருக்கு இந்த ஒப்பந்தத்தில் இடம் இல்லை.

ஆனாலும் ஒரு விஷயம் அதில் இருந்தது. காவல் தவறினால் காவல்காரருக்கு வலிக்கும். அவர் பையிலிருந்து போகும்.

1799 முதல் 1805 வரை

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தப்படி சேலமும் பாராமகாலும் திப்புவிடமிருந்து கம்பெனிக்கு வந்தன. 1799 மே 4இல் திப்பு இறந்த பிறகு கோயம்புத்தூரும் வந்தது. முதலில் வடக்கு, தெற்கு என்று இரண்டு பிரிவாக வைத்திருந்தார்கள். பவானி ஒன்றுக்குத் தலைமையிடம், தாராபுரம் இன்னொன்றுக்கு. 1804இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். நவம்பர் 24ஐ 'கோவை தினம்' என்று வாட்ஸ்ஆப்பில் வாழ்த்து அனுப்புகிறோமே, அது அந்தக் கணக்குத்தான்.

அந்த ஐந்து வருஷ இடைவெளியில்தான் கலகம். கொங்குப் பாளையக்காரர்கள் பலரை மைசூர் ஆட்சி ஏற்கெனவே ஒடுக்கி வைத்திருந்தது. கம்பெனி வந்ததும் பழைய உரிமை திரும்பும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. விருப்பாட்சி கோபால நாயக்கரை மையமாகக் கொண்ட கூட்டணி 1800 ஜூன் 3இல் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்கத் திட்டமிட்டது. திட்டம் குலைந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தூக்கில் போட்டார்கள். தெற்கே 1799இல் கட்டபொம்மன், 1801இல் மருது சகோதரர்கள். கடைசியாக 1805 ஜூலை 31இல் சங்ககிரிக் கோட்டையில் தீரன் சின்னமலை.

இதற்கு நடுவில் 1801 டிசம்பர் 1இல் கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். இனிமேல் துப்பாக்கி, ஈட்டி போன்ற ஆயுதங்கள் வைத்திருக்கக் கூடாது. கோட்டைகள் இருக்கக் கூடாது. பாளையக்காரர்களின் காவல் உரிமையும் போனது. கம்பெனியின் கோணத்தில் இதில் ஆச்சரியம் இல்லை. காவல் கூலி வாங்கும் உரிமை என்பது ஆள் திரட்டும் உரிமை. ஆள் திரட்ட முடிந்தவர் நாளைக்குக் கலகமும் செய்வார்.

ஆனால் ஆயுதத்தோடு சேர்த்து நட்ட ஈட்டு ஒப்பந்தமும் போய்விட்டது. அதை யாரும் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை.

தரோகா வந்தார்

காலி இடத்தை நிரப்ப 1802இல் வங்காளத்திலிருந்து ஒரு ரெடிமேட் மாடலை இறக்கினார்கள். காரன்வாலிஸ் அங்கே கொண்டுவந்த முறை. மாவட்டத்துக்கு ஒரு நீதிபதி, அவரே மாஜிஸ்திரேட். அவருக்குக் கீழே ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு தாணா, அதில் ஒரு தரோகா. இன்றைக்கு இன்ஸ்பெக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் நல்ல டிசைன். வரி வசூலிப்பவர் வேறு, போலீஸ் வேறு, அதிகாரம் பிரிந்து இருக்கிறது. ஆனால் ஊரில் ஓடவில்லை. தரோகா ஊருக்குப் புதியவர், சம்பளம் குறைவு, எல்லை பெரிது. எந்தத் தோட்டத்துக்கு எந்த வழியாகப் போகலாம், யாருக்கும் யாருக்கும் பகை என்பதெல்லாம் தெரிந்த தலையாரி அவருக்குக் கட்டுப்பட்டவரும் இல்லை, அவரோடு சேர்ந்தவரும் இல்லை. புகார் கொடுத்தவரும் சாட்சி சொல்ல வேண்டியவரும் பல நாள் நடந்து ஜில்லா கோர்ட்டுக்குப் போக வேண்டும். மாட்டை இழந்தவர் வேலையையும் இழப்பார். அதனால் பேசாமல் இருந்துவிடுவார். 1812இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குப் போன புகழ்பெற்ற ஐந்தாம் அறிக்கையிலேயே இந்தப் போலீஸ் முறையின் குறைகள் பேசப்பட்டன.

இங்கேதான் தாமஸ் மன்றோ கதைக்குள் வருகிறார். 1792இலிருந்து ஏழு வருஷம் பாராமகாலில் அலெக்சாண்டர் ரீடுக்குக் கீழே வேலை பார்த்தவர். தர்மபுரியில் வாழ்ந்தவர். குதிரையில் ஊர் ஊராகப் போய் நிலம் அளந்து வரி போட்டவர். பிறகு ராயலசீமையில் எண்பது பாளையக்காரர்களைச் சமாளித்தவர். தலையாரி என்றால் யார், மணியக்காரர் என்றால் யார் என்று மேஜையில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டவர் இல்லை. லண்டனில் இருந்த காலத்தில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னதன் சாரம் இது: ஊர்க்காவலுக்கு ஆள் ஊரிலேயே இருக்கிறார், வெளியிலிருந்து கொண்டுவர வேண்டாம். 1814இல் இயக்குநர்கள் அதை ஏற்று உத்தரவு அனுப்பினார்கள். மன்றோவே அதை நடைமுறைப்படுத்தத் திரும்பி வந்தார்.

1816: திரும்பவும் ஊர்

1816இல் வரிசையாகச் சட்டங்கள் வந்தன. நான்காவது ரெகுலேஷன் ஊர்த் தலைவரைக் கிராம முன்சீப் ஆக்கியது. பத்து ரூபாய் வரையிலான வழக்குகளை அவரே விசாரிக்கலாம். ஐந்தாவது, கிராமப் பஞ்சாயத்து. இரு தரப்பும் சம்மதித்தால் எவ்வளவு பெரிய தொகையையும் பஞ்சாயத்தில் தீர்க்கலாம். ஒன்பதாவது, மாஜிஸ்திரேட் அதிகாரத்தை நீதிபதியிடமிருந்து எடுத்துக் கலெக்டரிடம் கொடுத்தது. பதினோராவது, தரோகாக்களையும் தாணாக்களையும் ஒழித்துப் போலீஸ் வேலையை ஊர்த் தலைவர், தலையாரி, தாசில்தார் என்ற வரிசையில் வைத்தது.

நம்மூரில் 'எங்க தாத்தா மணியக்காரருங்க' என்று சொல்கிற குடும்பங்கள் நிறைய உண்டு. அந்த மணியக்காரரின் சட்டபூர்வ அதிகாரத்துக்கு வேர் இங்கேதான்.

மேலோட்டமாகப் பார்த்தால் மன்றோ பழைய முறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று தோன்றும். பல புத்தகங்களும் அப்படித்தான் எழுதுகின்றன. ஆனால் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் வயரிங் மாறியிருக்கிறது. பழைய காவல்காரர் திருட்டுக்கு ஊரிடம் பதில் சொன்னார், பணம் கட்டினார். 1816இன் ஊர்த் தலைவர் திருட்டைப் பற்றித் தாசில்தாருக்குத் தகவல் சொன்னார். ஆளைப் பிடித்து மேலே அனுப்பினார். தகவல் கொடுத்தாச்சு என்றால் அவர் கடமை முடிந்தது. முகம் அதே முகம். ஆனால் அவர் பார்க்கும் திசை ஊரிலிருந்து கச்சேரிக்குத் திரும்பிவிட்டது.

இரண்டாவது மாற்றம் இன்னும் கசப்பானது. பதினோராவது ரெகுலேஷனின் பத்தாவது பிரிவு, வாய்ச்சண்டை, சின்ன அடிதடி போன்றவற்றுக்கு ஊர்த் தலைவரே தண்டனை கொடுக்கலாம் என்றது. சாவடியில் பன்னிரண்டு மணி நேரம் அடைத்து வைக்கலாம். குற்றம் செய்தவர் 'கீழ்ச்சாதி' என்றால் ஆறு மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம். காலை மரக்கட்டையின் துளையில் நுழைத்துப் பூட்டி, போகிறவர் வருகிறவர் பார்க்க உட்கார வைப்பது. ஒரே குற்றம், இரண்டு தண்டனை, பிறந்த சாதியைப் பொறுத்து. ஊரில் முன்பு வழக்கமாக இருந்ததை இப்போது அரசு தன் சட்டப் புத்தகத்தில் அச்சிட்டது. ஊரின் கையில் காவலைக் கொடுப்பது என்று பேசும்போது 'ஊர்' என்றால் யார் என்று கேட்காமல் விட்டால் இதுதான் நடக்கும்.

பஞ்சாயத்து? மக்கள் அதை மிகக் குறைவாகவே பயன்படுத்தினார்கள். ஊரே கூடித் தீர்ப்பு சொன்னால் ஒழுங்காக நடக்கும் என்று மன்றோ நம்பியது ஓடவில்லை.

ஒரே கையில் இரண்டு சாவி

வரி வசூல், போலீஸ் இரண்டும் இப்போது ஒரே வரிசையில். தாசில்தார்தான் வரி கேட்பவர், அவரே போலீஸ் தலைவர். கலெக்டரே மாஜிஸ்திரேட். சிஸ்டம் டிசைன் செய்பவர்கள் இதைப் பார்த்தால் பதறுவார்கள். பில் போடுபவரே அப்ரூவ் பண்ணுபவராகவும் இருந்தால் ஆடிட்டில் முதலில் அதைத்தான் சுட்டிக்காட்டுவார்கள்.

ஆபத்து எப்படி வரும் என்பதற்குக் கோயம்புத்தூரே அப்போது சாட்சியாக இருந்தது. மாவட்டக் கஜானாவைக் கையில் வைத்திருந்த காசிச் செட்டி, கலெக்டர் அலுவலகத்தின் அதிகாரத்தைப் பயன்படுத்திப் பெருமளவு சுருட்டிய விவகாரம் வெடித்தது. விசாரித்தவர்கள் மன்றோவும் ஜான் சல்லிவனும். ஊட்டியை உருவாக்கினாரே, அதே சல்லிவன். கலெக்டர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டால் கீழே என்ன நடக்கும் என்று மன்றோவுக்கு நேரடியாகத் தெரியும். இருந்தும் எல்லா அதிகாரமும் கலெக்டரிடமே போனது. நல்ல கலெக்டரைப் போட்டால் போதும் என்பது அவர் நம்பிக்கை.

விளைவு நாற்பது வருஷத்தில் வெளியே வந்தது. கஜுலு லட்சுமிநரசு செட்டியும் சென்னை மக்கள் சங்கமும் தொடர்ந்து குரல் எழுப்பியதன் பலனாக 1854இல் சித்திரவதைக் கமிஷன் அமைத்தார்கள். கமிஷனுக்கு வந்த புகார்கள் 1,959. அதில் 519 பேர் நேரில் வந்து சொன்னவர்கள். வரி கட்டாதவருக்கும் திருட்டை ஒப்புக்கொள்ளாதவருக்கும் ஒரே மருந்து. விரலை மரத்துக்கு நடுவில் வைத்து நெரிக்கும் கிட்டி. உடம்பை வளைத்துக் கயிற்றால் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள். 1855 அறிக்கையில் இந்தத் தமிழ்ச் சொற்கள் அப்படியே ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. வரியும் போலீசும் ஒரே கையில் இருப்பது இதற்கு முக்கியக் காரணம் என்று கமிஷனே சொன்னது. 1859இன் 24ஆம் சட்டம் போலீசைத் தனித் துறையாக்கியது. இன்றைய தமிழ்நாடு போலீசின் வரலாறு அங்கே தொடங்குகிறது.

பழைய காவல் செத்துப்போகவில்லை

புதிய போலீஸ் வந்த பிறகும் ஊர்களில் காவல் கூலி தொடர்ந்தது. 1896இல் நம் கிழக்கு எல்லையை ஒட்டிய திண்டுக்கல் பகுதியில் அதற்கு எதிராக ஒரு பெரிய இயக்கம் எழுந்தது. அம்மையப்பக் கோன் என்பவர் முன்னின்றார். இனிமேல் கள்ளர் காவல்காரர்களுக்குக் கூலி கிடையாது, நாமே நிதி போடுவோம், மாடு போனால் அந்த நிதியிலிருந்து கொடுப்போம் என்றார்கள். நிதிக்கு ஆங்கிலத்தில் ஃபண்ட், ஊர் வாயில் 'பண்டு'. ஒரு வகையில் நம்மூரின் முதல் மாட்டு இன்சூரன்ஸ்.

யோசனை அருமை. ஆனால் அது நின்ற இடம் அது இல்லை. கூலி மறுப்பு, ஊரைவிட்டுத் துரத்துவதாகவும் வீடுகளை எரிப்பதாகவும் மாறியது. தவறு செய்த காவல்காரர் என்பது போய், ஒரு சாதி முழுவதும் எதிரி என்று ஆனது. பின்னால் அரசும் அதையே செய்தது. 1911இன் குற்றப் பரம்பரைச் சட்டம் கள்ளர்கள் மீது பாய்ந்தது. அதை எதிர்த்தவர்கள் மீது 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. நூறு வருஷம் ஊருக்குக் காவல் நின்றவர்களின் பேரன்கள், காவல் நிலையத்தில் கைரேகை வைக்க வேண்டியதாயிற்று.

வாச்சாத்தி

இனி நம் காலத்துக்கு வருகிறேன். சத்தியமங்கலம், மேட்டூர், தர்மபுரிக் காடுகளில் வீரப்பனைத் தேடிய ஆண்டுகள். அதிரடிப்படையின் அத்துமீறல்களைப் பற்றிய புகார்களை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா குழுவை 1999இல் அமைக்க வேண்டி வந்தது. காட்டோர ஊர்களுக்கு இரண்டு பக்கமும் பயம்.

அதே காலத்தில், 1992 ஜூன் 20இல், சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று தர்மபுரி மாவட்டத்து மலையடிவார ஊரான வாச்சாத்திக்குள் மூன்று துறையினர் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. ஆடு மாடுகூட மிஞ்சவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வனத்துறை 155, காவல்துறை 108, வருவாய்த்துறை 6. 1859இல் சட்டம் பிரித்து வைத்த போலீசும் ரெவின்யூவும் அன்றைக்கு ஒன்றாகத்தான் ஊருக்குள் நுழைந்தன.

2011 செப்டம்பர் 29இல் தர்மபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. சென்னை உயர்நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29இல் அதை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு. அதில் 5 லட்சத்தைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும். அப்போதைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது தீர்ப்பு.

அந்த 5 லட்சம் ரூபாய் வரியைப் படித்தபோதுதான் எனக்குப் பழைய காவல் ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது. காவல் தவறினால் காவல்காரர் பையிலிருந்து பணம். 1801இல் கழற்றிப் போட்ட அந்த ஒரு வரி, 222 வருஷம் கழித்துத் தீர்ப்பாகத் திரும்பி வந்திருக்கிறது. இந்த முறை அதைப் பெற்றவர்கள் மாடும் நிலமும் வைத்திருந்த பெரிய குடும்பங்கள் இல்லை. பழைய ஒப்பந்தத்தில் இடமே கிடைத்திருக்காத மலைவாழ் பெண்கள். முப்பத்தோரு வருஷம் ஊரும் சங்கமும் வக்கீல்களும் விடாமல் நின்றதால் வந்தது.

மலாயாவில் கேட்ட கேள்வி

கலகக் காலத்தில் ஊருக்கு எப்படிக் காவல் அமைப்பது என்பது நம் பிரச்சினை மட்டும் இல்லை. 1948இல் மலாயாவில் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களை எதிர்த்து அவசரநிலை அறிவித்த பிரிட்டிஷார், 1950 முதல் சுமார் ஐந்து லட்சம் பேரை முள்வேலி போட்ட 'புதுக் கிராமங்களில்' குடியேற்றினார்கள். பெரும்பாலும் சீனர்கள். ரப்பர் தோட்டங்களில் இருந்த நம் தமிழர்களின் லயங்களையும் வேலிக்குள் நெருக்கி வைத்தார்கள். அது கொடுமையான ஏற்பாடுதான். ஆனால் 1952இல் அந்தக் கிராமங்கள் தங்களுக்கு உள்ளாட்சி மன்றம் தேர்ந்தெடுக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். முள்வேலியும் காவலும் மட்டும் போதாது, உள்ளே இருப்பவரிடம் ஓட்டுக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்கே பின்னால் புரிந்தது.

நம்மிடம் பரம்பரை மணியக்காரர் பதவி 1980 நவம்பரில் ஒழிந்தது. வி.ஏ.ஓ. வந்தார். தலையாரி இன்னமும் கிராம உதவியாளர் என்ற பெயரில் இருக்கிறார், வருவாய்த்துறைக்குக் கீழே. 1994இன் ஊராட்சிச் சட்டம் கிராம சபை கொடுத்தது. அங்கே குடிதண்ணீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை எல்லாம் பேசலாம். போன வருஷம் நம்ம ஸ்டேஷனில் எத்தனை புகார் வாங்கினார்கள், எத்தனையைத் திருப்பி அனுப்பினார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமை அங்கே யாருக்கும் இல்லை. அடுத்த கிராம சபையில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுப் பாருங்க. கேட்பவர் ஊரின் எந்த வீதியில் குடியிருப்பவர், அவருக்கு என்ன பதில் வருகிறது என்பதையும் சேர்த்துக் கவனிக்கணும்.